அப்பா வந்த விவாதப் போட்டி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா என்னைப் பற்றி அடிக்கடி சொல்வார். அதில் பாராட்டு பாதி, அலுப்பு பாதி. உயர்நிலை மூன்றாம் வகுப்பில் நான் எங்கள் சிங்கப்பூர்ப் பள்ளியின் தமிழ் விவாத அணியில் சேர்ந்தபோது வீட்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை. சண்டை போடுவதற்குச் சான்றிதழும் தருகிறார்கள் என்றால் நான் விடுவேனா?

அணியில் நான்கு பேர். நான் மூன்றாம் பேச்சாளர், என் நெருங்கிய தோழி முதல் பேச்சாளர். மேடைக்கென்று ஒரு தமிழ் வைத்திருந்தோம், வீட்டில் அதை யாரும் பேசமாட்டோம். அப்பாவைப் போய் 'தந்தையே' என்று நான் கூப்பிட்டிருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

அந்த ஆண்டு வந்த தலைப்பு, 'இன்றைய பெற்றோர் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குவதில்லை.' குலுக்கலில் ஆதரித்துப் பேசும் பக்கம் எங்களுக்கு விழுந்தது. இணையத்தில் பொறுக்கிய ஆய்வுகளைக் கேட்டுக் கேட்டு நடுவர்களுக்குக் காது புளித்துப்போயிருக்கும், ஆளுக்கொரு சொந்த அனுபவம் கொண்டுவாருங்கள் என்றார் தமிழாசிரியை.

நான் அப்பாவைக் கொண்டுபோனேன்.

அப்பா பேருந்து ஓட்டுநர். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் பிற்பகல் ஷிப்ட். பிற்பகல் என்றால் நாங்கள் தூங்கிய பிறகுதான் வருவார். காலை என்றால் நான் பள்ளி விட்டு வரும்போது பக்கத்து அறையில் களைத்துப் படுத்திருப்பார். விளையாட்டு விழா, பெற்றோர் சந்திப்பு, தீபாவளிக் கலைநிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் அம்மாதான். அதனால் என் வரி சுத்தமான உண்மை: "தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த நாள்முதல் இன்றுவரை என் தந்தை ஒருமுறைகூட என் பள்ளி நிகழ்ச்சிக்கு வந்ததில்லை."

பயிற்சியில் அதைச் சொன்னதும் தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வரிக்குப் பிறகு மூன்று விநாடி நிறுத்து, அவையோர் மனத்தில் அது இறங்கட்டும் என்றார் ஆசிரியை. எனக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். நல்ல ஆயுதம் கிடைத்துவிட்ட பெருமை. தெம்பனிஸ் வட்டாரத்தில் இருந்த எங்கள் வீட்டில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, இரண்டு வாரம் அதைத் தீட்டினேன்.

போட்டி ஒரு சனிக்கிழமை, ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தில். மேடையேறி உட்கார்ந்து அவையைப் பார்த்தால், மூன்றாம் வரிசை ஓரத்தில் அப்பா. தீபாவளிச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

தோழி என் கையைக் கிள்ளினாள். "ஏய், அது உங்கப்பாதானே?"

"ம்."

"பரவால்ல, சொல்லிடு லா. ஜட்ஜுக்கு அவர் யாருன்னு தெரியவா போகுது?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டால் என் உரையில் மிச்சம் ஒன்றுமில்லை. நான் கவிழ்ந்தால் அணியும் கவிழும். ஆனால் அது இப்போது பொய். அதைவிட, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்திருக்கும் மனிதர் அதைக் காதால் கேட்க வேண்டியிருக்கும். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் வராதவர் இன்றைக்குத்தானா வரவேண்டும்?

என் முறை வந்தது. முதல் நிமிடம் தங்குதடையில்லாமல் போயிற்று. பிறகு "என் தந்தை" என்றேன். அத்தோடு நின்றுவிட்டது. அப்பா சற்று முன்னால் சாய்ந்தார். மூன்று விநாடி என்ன, முப்பது விநாடி நின்றிருப்பேன். கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்: "என் தந்தை இன்று வந்திருக்கிறார்."

எதிரணிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவர்களுடைய மூன்றாம் பேச்சாளர் எழுந்து, பெற்றோர் நேரம் ஒதுக்குவதில்லை என்று வாதாட வந்தவரே தம் தந்தையைச் சாட்சிக்கு அழைத்து வந்திருக்கிறார், அவருக்கு எங்கள் நன்றி என்று கைகூப்பினார். அவை சிரித்தது. அப்பாவும் கூட்டத்தோடு கொஞ்சம் சிரித்தார்.

தோற்றோம். தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டு எம்ஆர்டி ரயில் பிடிக்கப் போய்விட்டாள். அவள் என்னோடு மறுபடி பேச நான்கு நாளும் ஒரு பாக்கெட் முறுக்கும் தேவைப்பட்டன.

அப்பா என்னைச் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். ஆளுக்கொரு தோசை வந்தது. நான் பிய்த்துப் பிய்த்து இலையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வரிய ஏன் சொல்லல?" என்றார்.

எந்த வரி என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள்போல. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அதைச் சொன்னார். மேடைத் தமிழில், ஒரு சொல் பிசகாமல். முடித்துவிட்டு மூன்று விநாடி நிறுத்தவும் செய்தார்.

என் காது இரண்டும் சுட்டன. போன வாரம் அவருக்குக் காலை ஷிப்ட். பக்கத்து அறையில் தூங்குகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அத பொய்யாக்கத்தான் வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் வந்தா அது பொய்யாயிடுமா?" அப்பா தோசையைப் பார்த்தபடியே சொன்னார். "என்கிட்ட சொல்ல வேண்டியத சுவத்துக்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தே. நேர்ல வந்து வாங்கிக்கலாம்னுதான் லீவு போட்டேன்."

வாயாடி என்று பெயரெடுத்தவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. சாம்பார் வாளியோடு வந்த கடை அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்கு உள்ளே அவ்வளவு வருத்தம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. அவர்மேல் அவ்வளவு பாசம் இருந்ததும்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்து, வீட்டில் பேசுவதுபோலவே சொன்னேன்.

"நீங்க ஒரு தடவகூட வரலப்பா."

"ஆமாம்மா," என்றார் அப்பா. "வரல."