மேட்டில் காத்திருந்தவர்கள்

ஜோஸியான் ருமேகூஸுக்கு ஆண்கள் மேல் பொதுவாகக் கோபம் எதுவும் கிடையாது. மேட்டின் உச்சியில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிற ஆண்கள் மேல்தான் கோபம்.

லோத் ஆற்றுக்கும் செலே ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற அவள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒரு மேடு ஏறித்தான் ஆக வேண்டும். ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் இன்னொரு ஆறு. அதைத் தாண்டினால் மறுபடி மேடு. நாற்பத்தைந்து வயதில் முட்டிவலிக்காக டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னபோது, இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தினமும் அறுபது பிள்ளைகளுக்குப் பருப்பும் சூப்பும் ஆக்குகிறவள் அவள். விடுமுறைக்கு வந்த ஒரு டச்சுக்காரரிடமிருந்து நீல நிற ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஊர் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தாள். பத்து ஆண்கள், அவள் ஒருத்தி. சங்கத்து மஞ்சள் சட்டை அவளுக்குத் தோளில் தொளதொளத்தது, இடுப்பில் பிடித்தது. பெண்கள் அளவு தைக்கக் குறைந்தது இருபது சட்டை சொல்ல வேண்டுமாம்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது மேடுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் ஒன்றாகத்தான் கிளம்புவார்கள். ஏற்றத்தின் இரண்டாவது வளைவிலேயே ஆண்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார்கள். இவள் இருப்பதிலேயே லேசான கியரில், நாக்கு வறள, தன் முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறுவாள். உச்சிக்கு வந்தால் பத்துப் பேரும் கற்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வாழைப்பழம் தின்று, தண்ணீர் குடித்து, புதருக்குப் பின்னால் போய்வந்து, அரசியலும் பேசி முடித்திருப்பார்கள். இவளுடைய ஹெல்மெட் தெரிந்ததும் சங்கத் தலைவர் லூசியேன் எழுந்திருப்பார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"வந்துட்டா! கிளம்புங்கப்பா!"

இவள் ஒரு காலைக்கூடத் தரையில் ஊன்றியிருக்க மாட்டாள்.

"எனக்காகத்தானே காத்திருக்கீங்க? அப்ப நான் எப்ப மூச்சு விடறது?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"இறக்கத்துல விட்டுக்கோ, ஜோஸி. இறக்கம் எதுக்கு இருக்கு?" என்றான் கசாப்புக்கடை செர்ழ். பத்துப் பேரும் சிரித்தார்கள். பதினோரு வருடம் அப்படியே போனது.

ஜூன் மாதம் சங்கத்தின் பெருஞ்சுற்று நடக்கும். நூற்றுப் பத்து கிலோமீட்டர். காஸ்தெல்வியே என்ற பழைய கோட்டை ஊரின் தேவாலய முற்றத்துக்கு யார் முதலில் வந்து சேர்கிறார்களோ, அவர்கள்தான் அடுத்த வருடத்துப் பாதையைச் சொல்லலாம். ஜெயிப்பது செர்ழ், இல்லாவிட்டால் லூசியேன். ஆகையால் பாதை மாறியதே இல்லை. ஜோஸியானுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சுற்றைத் தலைகீழாக ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் பெஷ்-கோர்ப் என்கிற அந்தச் செங்குத்து மேடு இறக்கமாகிவிடும். நீண்டு சாய்ந்து கிடக்கிற மறுபக்கம்தான் ஏற்றம். அது அவள் கால்களுக்குத் தோதானது. ஒவ்வொரு வருடமும் கேட்பாள். "முப்பது வருஷமா இந்தப் பக்கம்தான் சுத்தறோம்" என்பார் லூசியேன், பூமியே அந்தப் பக்கம்தான் சுற்றுகிறது என்பதுபோல.

அவளுக்கு ஐம்பத்தாறு வயதான வருடம், பெருஞ்சுற்றுக்கு முந்தைய நாள் இடியும் மழையுமாகக் கொட்டியது. மறுநாள் வானம் வெளுத்திருந்தது. பெஷ்-கோர்ப் உச்சிக்கு அவள் வந்தபோது வழக்கம்போல் பத்துப் பேரும் சுவரில் இருந்தார்கள். செர்ழ் தன் கடையின் உலர்ந்த சாசேஜை நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்திலிருந்த நிதானத்தைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. நிற்கவில்லை. அவர்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

"ஏய் ஜோஸி! நில்லு! ரொட்டி இருக்கு!"

"நீங்களே தின்னுங்க!"

எங்கே போய்விடப் போகிறாள் என்று அவர்கள் சாசேஜைத் தொடர்ந்தார்கள்.

ஈர இலைகள் ஒட்டிக் கிடந்த வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கீழே, பாறைச் சுவருக்கும் செலே ஆற்றுக்கும் நடுவே போகிற குறுகலான ரோட்டில், ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட சாலைப் பணியாளர் ஒருவர் தடுப்புகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆட்டுக்கிடா அளவுக் கற்கள் ரோட்டில் சரிந்து கிடந்தன.

"ரோட மூடறோம் மதாம். சுத்திப் போங்க. பதினாலு கிலோமீட்டர். மேல ஏறி இறங்கணும்."

"இப்பதாங்க ஒரு மேட்டுலேர்ந்து இறங்கி வரேன்." அவள் குரல் உடைந்துவிட்டது. அவளுக்கே அது வெட்கமாக இருந்தது.

அவர் பாறையை அண்ணாந்து பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். "மூட இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குன்னு வச்சுக்கலாம். சைக்கிளத் தூக்கிட்டு நடங்க. ஆத்துப் பக்கமா ஒட்டி நடங்க. உங்களுக்கப்புறம் யாரையும் விட மாட்டேன்."

சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு இருநூறு அடி நடந்தாள். அப்புறம் இருபத்தொரு கிலோமீட்டர் எதிர்க்காற்றில் தனியாக ஓட்டினாள். முன்னால் போய்க் காற்றை மறைக்க ஒரு முதுகுகூட இல்லை. காஸ்தெல்வியே முற்றத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டாக இருபது நிமிஷம் இருந்தது. முற்றத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக முதலில் வந்திருக்கிறாள், பார்க்க ஆளில்லை. ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்ததில் வியர்வை காய்ந்து குளிரெடுத்தது.

அவர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். செர்ழின் முகம் அவன் கடை இறைச்சி மாதிரி சிவந்திருந்தது.

"நீ எப்படி இங்க வந்தே?"

"சைக்கிள்ல."

விஷயம் தெரிந்ததும் லூசியேன் தொண்டையைச் செருமினார். "அது கணக்குல வராது, ஜோஸி. பாதைய முழுசா ஓட்டணும்னு விதி இருக்கு. நீ நடந்திருக்கே."

"இருநூறு அடி நடந்தேன். நீங்க பதினாலு கிலோமீட்டர் வேற ரோட்டுல போயிருக்கீங்க. பாதைய விட்டு விலகாம வந்தவ நான் ஒருத்திதான்."

நில அளவைக்காரர் இரண்டு தூரத்தையும் மனசுக்குள் அளந்து பார்த்தார். பதில் இல்லாதவர்களுக்கு எப்போதும் ஒரு கமிட்டி இருக்கும்.

"செப்டம்பர் கூட்டத்துல வச்சுப் பேசலாம்" என்றார்.

சுற்று முடிந்து சங்கம் வைத்த மதிய விருந்தில் வாத்துக்கறி பிரமாதம் என்றார்கள். அவளுக்கு அது மரத்தூள் மாதிரி இருந்தது.

செப்டம்பரில், ஊராட்சி அலுவலகத்துச் சிறிய அறையில் கூட்டம் நடந்தது. 'சாலைத் தடையின் காரணமாக இந்த வருடத்துப் பெருஞ்சுற்று ரத்து; பாதையில் மாற்றமில்லை.' லூசியேன் தீர்மானத்தைப் படித்தார். எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னபோது ஜோஸியான் தூக்கினாள். இன்னொரு கையும் எழுந்தது. செர்ழ்!

"என்னடா இது?" என்றார் லூசியேன்.

"தோத்தா தோத்ததுதான். சாசேஜ் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தோம், அவ போயிட்டா. இதுல ரத்து பண்ண என்ன இருக்கு?"

இரண்டுக்கு ஒன்பது. தீர்மானம் நிறைவேறியது.

வீட்டுக்கு நனைந்துகொண்டே வந்தாள். கணவன் ழில்பேர் துண்டை நீட்டினான். "விடு ஜோஸி. அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கே."

"அடுத்த வருஷம் எனக்கு ஐம்பத்தேழு! அதுக்கும் ஒரு கமிட்டி போட்டு ரத்து பண்ணுவாங்களா?"

ழில்பேர் சூப்பைச் சுடவைத்தான்.

சங்கத்தை விட்டு விலகிவிடுவாள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். விலகி எங்கே போவது? அந்த மேட்டு நிலத்தில் வேறு யாரோடு ஓட்டுவது? அடுத்த ஞாயிறு அதே தொளதொளச் சட்டையோடு வந்தாள். ஆனால் எந்த உச்சியிலும் நிற்கவில்லை. சுவரில் இருக்கிறவர்களைத் தாண்டிக்கொண்டு நேராகப் போனாள். முதல் நாள் சிரித்தார்கள். நான்காவது ஞாயிறு, பின்னால் லூசியேன் புலம்புவது அவள் காதில் விழுந்தது: "ஒரு வாழைப்பழம் உரிக்க விடமாட்டாளா இவ?"

சமதரையில் அவளை எப்படியும் பிடித்துவிடுவார்கள். அடுத்த ஜூனில் ரோடு திறந்திருந்தது, ஏழாவதாக வந்தாள். செர்ழ் ஜெயித்தான். பாதையைத் தலைகீழாக மாற்றுவான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இந்தப் பக்கம்தான் தோது, ஜோஸி. தப்பா எடுத்துக்காதே" என்றான் அவன்.

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். செப்டம்பர் தோறும் தன் கோரிக்கையைக் காகிதத்தில் எழுதிக்கொண்டுபோய்க் கமிட்டி முன் வைக்கிறாள். போன கூட்டத்தில் அதற்கு நான்கு கைகள் எழுந்தன. ஆறு வேண்டும்.