மிச்சம் நின்றது சோம்பலாம்

கரும்புக் கட்டைத் தூக்கியபோதுதான் முதலில் மூச்சு முட்டியது. அடுத்த கரும்பு வெட்டுக்குள் வாசற்படி ஏறினாலே நெஞ்சு படபடத்தது, நகமெல்லாம் வெளுத்துவிட்டது. இப்படியே ஓய்ந்து உட்கார்ந்து பேச்சும் வாங்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தீவில், ட்ரியோலே ஊருக்கு அருகே எங்களுக்குக் கொஞ்சம் கரும்புக்காடு. கணவர் இறந்தபின் நானே பயிர் செய்தேன். கொழுந்தன் ராசுவுக்கு அதில் ஒரு கண். ஒருநாள் உறவுக்காரர்கள் முன்னால் விரல் மடக்கி எண்ணினான்.

"காய்ச்சல் இல்ல. இருமல் இல்ல. சோறும் இறங்குது. வேற என்ன மிச்சம்? பாரெஸ்தான் அண்ணி, சோம்பல். காட்டை என்கிட்ட விடுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூணு பேர் திருடலன்னா நாலாவது ஆள்தான் திருடனா தம்பி? ஊர்ல அஞ்சாவது ஆளே இல்லையா? நீ மடக்காத விரல் இன்னும் இருக்கு."

அரசாங்க மருந்தகத்து டாக்டரும் அதே வழியில்தான் போனார். வெளுப்பைப் பார்த்து மலேரியா என்றே முடிவுகட்டி, குவினைன் (மலேரியாக் காய்ச்சலுக்கான கசப்பு மருந்து) கொடுத்தார். குணமில்லை. "அப்படியென்றால் நீ அதை விழுங்கவில்லை" என்று இந்த ஊர்க் கிரியோல் மொழியில் கடிந்தார். வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது.

"விழுங்கினேன் ஐயா. வேற எதையும் பாக்காம என்னைப் பொய்க்காரி ஆக்காதீங்க."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு வெடித்த பாதங்களை. மறுநாள் மலம் கொண்டுவரச் சொன்னார். தகர டப்பாவோடு தெருவில் நடந்தபோது ராசு சிரித்தான்.

உருப்பெருக்கியில் முட்டைகள் தெரிந்தன. கொக்கிப்புழு (ஈர மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து ஏறி, குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும் புழு). ஒவ்வொன்றாய்க் கழித்து மிஞ்சிய பெயரல்ல இது, கண்ணால் கண்டது. என்னையும் பார்க்கச் சொன்னார். அருவருப்பைவிடச் சந்தோஷமே அதிகம்.

மருந்து வயிற்றைப் புரட்டியெடுத்தது. அப்புறம் இரும்பு மருந்து (ரத்தம் ஊறுவதற்கு), பல்லெல்லாம் கறுத்தது. மெல்லத்தான் தேறினேன். காட்டை மட்டும் விடவில்லை.

மறு வெட்டில் ராசு, கட்டோடு பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது.

"காய்ச்சல் இல்ல அண்ணி, இருமல் இல்ல..."

"விரலை மடக்காத. டப்பாவை எடு" என்றேன்.

இப்போது செருப்புப் போட்டுத்தான் கரும்புக்குள் போகிறேன். ஊர் சிரிக்கிறது, சிரிக்கட்டும். மூச்சு வாங்கினால் நடுக்காட்டிலேயே நிற்கிறேன். வெட்டுக்கு ஒரு காலம் உண்டென்றால் என் உடம்புக்கும் உண்டு. நான் நிற்பதற்கு இனி யாரும் பெயர் வைக்க வேண்டாம்.