வரைந்தவன் டீக்கடையில் இருக்கட்டும்

இன்று காலை வீடியோ கூட்டம். நான் வடிவமைத்த சேமியா பாக்கெட்டைத் திரையில் போட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டு வரிசையாகக் கறுப்புக் கட்டங்களாக இருந்தார்கள். அதில் ஒரு கட்டம், "நீங்களே வெளக்கிடுங்க சார்" என்றது. உடனே என் கால் நாற்காலியைப் பின்னால் தள்ளியது. எழுந்து வாசல் பக்கம் நாலடி வைத்த பிறகுதான் எங்கே கிளம்பினேன் என்று எனக்கே உறைத்தது. டீ குடிக்கக் கிளம்பியிருக்கிறேன். திரும்பி வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் சேமியாவை நானே புகழ ஆரம்பித்தேன்.

இதில் டீ எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அதற்கு ஜமாலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் ஜமாலும் சேர்ந்து டிசைன் கடை வைத்திருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே கம்ப்யூட்டர். அவன் திருமலைராயன்பட்டினத்திலிருந்து பைக்கில் வருவான். கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, மாங்கனித் திருவிழாவுக்கு பேனர், தர்கா கந்தூரிக்கு நோட்டீஸ் என்று வந்ததையெல்லாம் செய்வோம். உள்ளே நுழைந்தாலே ஸ்டிக்கர் சுருளின் பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். இன்றைக்கும் புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் அந்த வாசனை லேசாக வரும். உடனே மூடிவிட மனம் வராது.

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கும். வாடிக்கையாளர் அதில் உட்காருவார். அவர் பின்னால் மொத்தக் குடும்பமும் நிற்கும். மாற்ற வேண்டிய இடத்தைத் திரையிலேயே விரலால் அழுத்திக் காட்டுவார்கள். மீன் வாங்கிக்கொண்டு நேரே வந்த விரல்களும் உண்டு.

எனக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. பூவத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தார். நான் இழைத்து இழைத்துச் செய்திருந்ததைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, இந்தப் பக்கம் ரோஸும் அந்தப் பக்கம் கிளிப்பச்சையும் அடித்துவிடுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மூஞ்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மனிதர் மரியாதையாக எழுந்து, போய்விட்டு வருகிறேன் என்று போனவர்தான், வரவே இல்லை.

ஜமால் என்னைத் திட்டவில்லை. ஸ்டூலைத் துடைத்துக்கொண்டே, "இனிமே நீ வரைஞ்சத நான் காட்டுறேன், நான் வரைஞ்சத நீ காட்டு. வரைஞ்சவன் டீக்கடைல இருக்கட்டும்" என்றான்.

அன்றிலிருந்து எங்கள் கடைக்கு அதுதான் சட்டம். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்தவன் வேலையைக் காட்ட வேண்டுமென்றால், இந்தக் கோடு ஏன் இங்கே, இந்த எழுத்து ஏன் இவ்வளவு பருமன் என்று அவனை உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். எதை விட்டுக்கொடுத்தால் அவன் தாங்குவான், எதைத் தொட்டால் ராத்திரி சாப்பிட மாட்டான் என்று தெரிந்திருக்க வேண்டும். பாராட்டினால், செய்தவன் டீக்கடையில் இருக்கிறான் என்பான் ஜமால். குறை சொன்னால் மட்டும் தானே செய்த மாதிரி வாங்கிக்கொள்வான். பிறகு டீக்கடைக்கு வருவான். வந்ததும் முதல் வார்த்தை எப்போதும், "புடிச்சிருக்காம்." அதற்குப் பிறகுதான் இழுத்து ஒரு "ஆனா" வரும். அந்த ஆனாவுக்குப் பின்னால் டிசைன் முழுக்கத் தரைமட்டமாகியிருக்கும். ஆனாலும் முதல் வார்த்தையை அவன் மாற்றியதே இல்லை. இப்போது வேலை விளம்பரங்களில் 'குழுவாக இயங்கும் திறன்' என்று கேட்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜமால் டீக்கடைக்குள் நுழைகிற காட்சிதான் வரும்.

ஆனால் கடை வருமானம் இரண்டு குடும்பத்துக்கும் பற்றவில்லை. ஷார்ஜாவிலிருந்த அவன் மச்சான் விசாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அவன் உம்மா, கிளம்பச் சொல்லி தினமும் நச்சரித்தார்கள். அவன் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தபோது மண்டபத்தூரிலிருந்து ஒரு வேலை வந்தது. புது ஃபைபர் படகு. பெயரும் படமும் ஸ்டிக்கரில் ஒட்ட வேண்டும். "இது நல்லா அமைஞ்சிட்டா கரையில கெடக்குற மத்த படகெல்லாம் நம்மகிட்டதான் வரும். நான் எங்கயும் போவ வேணாம்" என்றான். அம்மையார் கோவில், மாதா கோவில், தர்கா, வேண்டிக்கொள்ள நான் எதையும் விட்டுவைக்கவில்லை.

ஸ்டூலில் வந்து உட்கார்ந்தது படகுக்காரரின் மனைவி, மீன் வியாபாரம் செய்யும் அம்சவல்லி அக்கா. கரையிலிருந்து பார்த்தால் தன் படகு எது என்று தெரிய வேண்டும், பெயர் பெரிதாக இருக்கட்டும் என்றார். 'அலைமகள்' என்று ஜமால் சிவப்பில் எழுதி, மஞ்சளில் ஓரம் கட்டினான். அப்படி ஒரு எழுத்தை அவன் அதற்கு முன் எழுதியதில்லை. சட்டப்படி நான் காட்டினேன். அக்கா ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மணலில் கிடந்த படகை அளந்து, பக்கவாட்டு முழுக்க நிறைகிற மாதிரி ஒட்டிவிட்டு வந்தோம்.

படகு இறக்கும் நாள் காலையில் ஜமால் கரையோர டீக்கடையில் நின்றுகொண்டான். சூடம் காட்டித் தேங்காய் உடைத்துப் படகைத் தள்ளினார்கள். வெறும் படகு மிதந்தது. பெயர் தகதகவென்று மின்னியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு வலையை ஏற்றினார்கள். ஐஸ் பெட்டி, டீசல் கேன், கடைசியில் ஆட்கள். ஒவ்வொன்றாக ஏற ஏறப் பெயர் தண்ணீருக்குள் இறங்கியது. முடிவில் எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது. பிறந்ததிலிருந்து கடற்கரை ஊர்தான். ஆனால் சுண்டல் தின்னப் போனதோடு சரி. திரையில் படகை வரைந்த நாங்கள், அதன் கீழே கடலை வரையவே இல்லை.

படகுக்காரர் என்னை முறைத்துவிட்டு, பிய்த்து எறியச் சொன்னார். அக்கா கடலைப் பார்த்தபடியே அவருக்குச் சொன்னார்:

"விடுங்க. நெறஞ்சி வர்ற படகுக்குப் பேரு எதுக்குத் தெரியணும்? தாழ்ந்து வர்றதப் பாத்தே எங்க படகுன்னு தெரிஞ்சிக்கிறேன்."

டீக்கடை வரைக்கும் மணலில் கால் புதையப் புதைய நடந்தேன். ஜமால் கிளாஸோடு எழுந்து நின்றான். "புடிச்சிருக்காம்" என்றேன். என் முகத்தைப் பார்த்தவன், "ஆனா?" என்று அவனே கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தான். அக்கா சொன்னதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு சிரிக்கவில்லை.

மற்ற படகுக்காரர்கள் யாரும் எங்களிடம் வரவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்து அவன் ஷார்ஜாவுக்குப் போனான். அந்தப் படகினால்தான் போனேன் என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இப்போது அங்கே ஒரு கிடங்கில் சரக்குப் பார்க்கிறான், வரைவதில்லை. போன லீவுக்கு வந்தபோது இருவரும் மண்டபத்தூர் போனோம். படகுகளில் பெயர்களெல்லாம் தண்ணீர் தொடாத உயரத்தில் இருந்தன. அலைமகளை விற்றுவிட்டார்களாம். எங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். அந்த ஸ்டூல் என்ன ஆனதென்று தெரியவில்லை. எத்தனையோ பேரோடு வேலை பார்த்துவிட்டேன், எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனாலும் வரைந்ததை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக எழுந்து போகிற அந்தச் சுகத்துக்கு மனம் கிடந்து ஏங்குகிறது.

காலைக் கூட்டம், கருத்துகள் மெயிலில் வரும் என்று முடிந்தது. கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போனேன். ஒரு டீ சொல்லி, தெருவைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ ஆறி ஆடை கட்டும்வரை இருந்தேன். யாரும் வந்து, புடிச்சிருக்காம் என்று சொல்லவில்லை.