கம்ப்யூட்டருக்கு வைத்த முறை

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியது படிப்புக்காக என்றுதான் அப்பா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். சுத்தப் பொய். விளையாடத்தான் வாங்கினோம். நானும் பெரியப்பா மகனும் சேர்ந்து வாங்கினோம். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். நான் பிளஸ் டூ, அண்ணன் திண்டுக்கல்லில் பாலிடெக்னிக் கடைசி வருடம்.

எங்கள் ஊர் கன்னிவாடி போகிற சாலையில் இருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் அப்போது ஒரே வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்கு நடுவில் ஓர் அறை. அதற்கு எங்கள் பக்கம் ஒரு கதவு, பெரியப்பா பக்கம் ஒரு கதவு. வெங்காய மூட்டை போட்டு வைத்திருந்த அந்த அறையைத்தான் கம்ப்யூட்டருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

கடையில் மொத்தமாகக் கட்டி விற்கிற கம்ப்யூட்டர் வேண்டாம், பாகம் பாகமாக வாங்கி நாமே மாட்டுவோம் என்று அண்ணன் சொன்னான். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய கம்ப்யூட்டர் பத்திரிகைகள் அவனிடம் ஒரு கட்டு இருந்தன. அதைப் பார்த்துப் பார்த்துப் பட்டியல் எழுதுவான். மறுநாள் அடித்துவிட்டு வேறு எழுதுவான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன்கூட அத்தனை யோசிக்க மாட்டான். பிராசஸரில் ஒரு படி இறங்கினால் கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம். கார்டில் இறங்கினால் எதற்கு வாங்குகிறோம்? அந்தக் கார்டுதான் திரையில் ஆட்டத்தை ஓட்டுவது. அது இல்லாத கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடலாம், அவ்வளவுதான். அதனால் பிராசஸர் இறங்கியது, ஹார்ட் டிஸ்க் பாதியானது, ஸ்பீக்கர் பட்டியலை விட்டே போனது.

பட்டியலோடு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடைகளில் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் நீல விளக்கு எரியும் கேபினெட் ஒன்று இருந்தது. பக்கத்தில் கண்ணாடி வைத்து, உள்ளே ஃபேன் சுற்றுவது தெரியும். எனக்கு அது வேண்டும். உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளையும் அதோடு இலவசம் என்றார் கடைக்காரர். அண்ணன் அந்தப் பவர் சப்ளையை மட்டும் கழற்றித் தரச் சொல்லிக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"வெயிட்டே இல்லயே."

"அதெல்லாம் நல்லா ஓடும் தம்பி," என்றார் கடைக்காரர்.

"எங்க ஊருல சாயங்காலம் மோட்டாரு ஓடுனா லைட்டு அழுது வடியும்ணே. இது ஒரு மாசம் தாங்காது."

விளக்கு எரியாத ஒரு தகரப் பெட்டியையும், செங்கல் கனத்துக்குத் தனியாக ஒரு பவர் சப்ளையையும் வாங்கினான். எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. மானிட்டர், மூடப்போகிற ஒரு பிரவுசிங் சென்டரில் கிடைத்த பழையது. திரையின் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு ஓடும். "ரெண்டு நாளுல கண்ணுக்குப் பழகிரும்லே," என்றான். பழகித்தான் போனது.

கிராபிக்ஸ் கார்டை நான் வாங்கினேன். சின்னதிலிருந்து நான் வளர்த்த இரண்டு வெள்ளாடுகள் அதற்குப் போயின. மற்றதெல்லாம் பெரும்பாலும் அண்ணன் டியூஷன் எடுத்துச் சேர்த்தது. யாருடையது எது என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. கடைசியில் மிஞ்சியதற்கு, கையில் பிடித்து ஆடுகிற கேம்பேட் இரண்டு வாங்கினோம். ஒன்று போதும், மிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் மெமரி போடலாம் என்றேன் நான். கேட்கவில்லை அவன்.

மாட்டி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. பிறகு எட்டு மாதம் அதில் கால்பந்து ஆடினோம். எதிரெதிராக இல்லை. இரண்டு பேரும் ஒரே அணி, எதிரில் கம்ப்யூட்டர். அவன் பந்தைத் தள்ளுவான், நான் அடிப்பேன். நான் தப்பாக அடித்தால் "பரவால்லலே, வா வா" என்பான். என் வாழ்க்கையில் அந்த எட்டு மாதம்போல நான் சந்தோஷமாக இருந்தது குறைவு.

ஒன்பதாம் மாதம் வீட்டில் பாகப்பிரிவினை. காரணம் ஒன்றா இரண்டா, அதை விடுங்கள். பிரித்துவைக்க அப்பாவின் அத்தை மகன் வந்தார். எங்களுக்கு மாமா முறை. நிலம், மாடு, அண்டா, குண்டா என்று வரிசையாக முடித்துக்கொண்டு வந்தவர், "அந்தக் கம்ப்யூட்டரு பொட்டி?" என்று கேட்டார்.

"எம் பையன் ஆட்ட வித்துப் போட்டது," என்றார் அப்பா.

"எம் பையன் டியூசன் எடுத்த காசு அம்புட்டும் அதுலதான் கெடக்கு," என்றார் பெரியப்பா.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். மொத்தமும் அந்தப் பக்கம் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. "கார்டு என்னோடது மாமா. அத மட்டும் கழட்டித் தந்துரச் சொல்லுங்க," என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். எழுந்துபோய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அந்தக் கார்டை எடுத்துவிட்டால் மீதி எதற்கும் ஆகாது, கார்டும் தனியாக எதற்கும் ஆகாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மாமாவுக்கு எப்படியோ அது புரிந்துவிட்டது.

"வைப்பா அத. கெணத்த வெட்டிப் பிரிப்பாகளா? முறை வச்சுக்கங்க," என்றார்.

எங்கள் பக்கம் கூட்டுக் கிணற்றுக்கு அதுதான் வழக்கம். இன்று உன் முறை, நாளை என் முறை. உன் முறையில் கரண்ட் இல்லையென்றால் அது உன் தலைவிதி, மறுநாளில் கேட்க முடியாது. கம்ப்யூட்டருக்கும் அப்படியே ஆனது. அறை பொது, ஒருநாள் எங்களுக்கு, ஒருநாள் அவர்களுக்கு. எல்லாருக்கும் திருப்தி. இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதற்கு முறை என்று ஒன்றும் அதில் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். அண்ணன் மறுபடி என்னோடு உட்கார்ந்து ஆட வேண்டும். என் முறையில் இரண்டு கேம்பேடையும் சொருகி வைத்துவிட்டு, அவர்கள் பக்கத்துக் கதவைத் திறந்து வைப்பேன். அவன் வராந்தாவில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பான். திரும்பிப் பார்க்க மாட்டான். அவன் முறையில் என் பக்கக் கதவு உள்ளே தாழிட்டிருக்கும். கேம்பேட் பட்டனைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அங்கே என்ன, இங்கே என்ன, தனியாகத்தான் ஆடினோம். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு, சொல்லவில்லை.

பரீட்சை நேரத்தில் நான் அந்த அறைப் பக்கம் போகாமல் இருந்தேன். அப்பா விடவில்லை. "முறைய விட்டா உரிமை போயிரும். போயி உக்காரு." கம்ப்யூட்டரை ஓடவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து பிசிக்ஸ் படித்தேன். நனைந்த வயலுக்கு மோட்டாரை ஓட்டுகிறவர்கள்தானே நாங்கள்.

அண்ணன் கோயமுத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் முறையில் பெரியம்மா வந்து உட்கார ஆரம்பித்தார். பட்டனை அமுக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. கதவைத் தாழிடவும் மாட்டார். திரையில் பச்சை மலையும் நீல வானமும் தெரியும். அதற்கு முன்னால் முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருப்பார்.

"பெரியம்மா, நீங்க பாட்டுக்கு உக்காந்திருங்க. செத்த நேரம் நான் ஆடிக்கிறேன்," என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாம் அப்பு. பெரியப்பா பாத்தா வைவாரு. நாளைக்கு ஒன் முறைதான," என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். அன்று என் முறை. வழக்கம்போல அவர்கள் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். அவன் உள்ளே வந்தான். நேராகப் பெட்டிக்குப் போய், பக்கத்துத் தகரத்தைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேனில் இருந்த தூசியைத் தட்டினான்.

"அன்னைக்குக் கார்டக் கேட்டது தப்புண்ணே," என்றேன். ஒரு வருடம் கழித்து ஒருவழியாக வாயிலிருந்து வந்தது.

"ஒன் காசு, நீ கேட்ட. இதுல என்னலே தப்பு?" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு ஆட்டம் போடுவமா?"

"கோயமுத்தூரு ரூமுல ஒண்ணு மாட்டிட்டேன். இத நீயே வச்சுக்க. இனிமே முறையெல்லாம் வேணாம்னு எங்கப்பாட்டயும் சொல்லிட்டேன்." தகரத்தைத் திரும்ப மாட்டி, நாலு திருகையும் முடுக்கிவிட்டுப் போனான்.

அப்பாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். பங்காளி தானாக விட்டுக்கொடுப்பது எங்கள் ஊரில் நடக்கிற காரியமா. பெரியப்பாவுக்கு இனி அந்த அறையில் வேலை இல்லை. தை முடிவதற்குள் தன் பக்கத்துக் கதவைப் பெயர்த்துவிட்டுக் கொத்தனாரை வைத்து நிலையை அடைத்தார். நான் உள்ளே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன், அப்படி ஒன்றும் ஆடவில்லை, கையில் கேம்பேட் இருந்தது. நாளைக்கும் மறுநாளைக்கும் எல்லா நாளும் என் முறைதான். கல் வரிசை உயர உயர அந்தப் பக்கத்து வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மேலே இரண்டு கல் வைக்கிற இடம் மிச்சம் இருக்கும்போது, எதன்மேலோ ஏறி நின்று பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

"சாப்டியா அப்பு?"

"சாப்டேன் பெரியம்மா," என்றேன். அவர் இறங்கிக்கொண்டார். கொத்தனார் மிச்சக் கல்லை வைத்தார்.