நெடுஞ்சாலைக்கே வழிவிட்டவள்

வெர்னா பாய்கோ காரை நிறுத்திவிட்டு, எதிர்க் காரில் இருக்கிறவரைப் பார்த்து, ‘நீங்க போங்க’ என்று கையைக் காட்டுகிறாள். அவர் தலையை ஆட்டி, ‘இல்லை, நீங்க’ என்கிறார். இவள் கண்ணாடியை இறக்கி, கையை முழுசாக வெளியே நீட்டி, இன்னும் ஒரு தரம் உபசரிக்கிறாள். டன்வெல் ஊரின் ஒரே நாற்சந்தியில் தினமும் காலை ஒன்பது மணிக்கு நடக்கிற காரியம் இது. முதலில் வந்தவர் முதலில் போகலாம் என்பது சஸ்காச்சுவான் மாகாணத்தின் சட்டம். யாருமே முதலில் போகக் கூடாது என்பது டன்வெல்லின் சட்டம். ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நான்கு பக்கமும் நான்கு கார்கள் வந்து நின்று, ஒருவரை ஒருவர் உபசரித்து உபசரித்து, கடைசியில் தெற்குப் பக்கத்துக்காரர் பசி தாங்காமல் காரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். வரும்போது மற்ற மூன்று பேருக்கும் சுடச்சுடப் பெரோகிக் கொழுக்கட்டை கொண்டுவந்தார். நம்பாதவர்கள் அந்த ஊர்த் தபால் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

வெர்னாவுக்கு அறுபத்து மூன்று வயது. கட்டைகுட்டையான உடம்பு, ஆண்பிள்ளை மாதிரி முன்னங்கை. குளிர்காலத்தில், பனித்தரையில் கல் தள்ளி ஆடுகிற கர்லிங் அரங்கின் சமையற்கட்டு அவள் கையில்தான். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். பதினொரு வயதில் டிராக்டர், பதினாலு வயதில் தானிய லாரி. அறுவடை இயந்திரம் நிற்காமல் வயலில் போய்க்கொண்டிருக்க, அதன் பக்கத்திலேயே ஒரு முழ இடைவெளியில் லாரியை ஓட்டி, கொட்டுகிற கோதுமையில் ஒரு மணி சிந்தாமல் வாங்கிக்கொள்வாள். பின்னோக்கி ஓட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வேகம் மட்டும் அறுபது கிலோமீட்டரைத் தாண்டாது. சரளைக்கல் சாலையில் அதற்கு மேல் போனால் புழுதி கிளம்பும். “பக்கத்து வீட்டுல துணி காயுது, பாத்துப் போ” என்பாள். பக்கத்து வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

நெடுஞ்சாலை நெஸ்டருடையது. நாற்பத்தோரு வருஷமாகச் சஸ்கட்டூன் நகரத்துக்குப் போகும்போதெல்லாம் கணவர் நெஸ்டர் ஓட்டுவார். வெர்னா பக்கத்தில் மடியில் ஒரு பலகாரப் பெட்டியை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். அப்படி இருந்த நெஸ்டருக்குத்தான் கண் கெட்டது. பார்வையின் நடுப்பகுதி மட்டும் அழிந்துகொண்டே வருகிற நோய். எதிரே நிற்கிறவரின் காதுகள் தெரியும், மூக்கு தெரியாது. உரிமத்தை அவரே போன பிப்ரவரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நான்கு வாரத்துக்கு ஒரு முறை நகரத்தில் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். ஓர் ஊசி தவறினாலும் மிச்சமிருக்கிற பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

எட்டு மாதம் நெஸ்டரின் தம்பி தாராஸ் கூட்டிக்கொண்டு போனான். அக்டோபர் பிறந்ததும் அவன் வழக்கம்போல் தெற்கே பறக்கிற வாத்துகளோடு வாத்தாக அரிசோனாவுக்கு வெயில் காயக் கிளம்பிவிட்டான். ஊரில் வேறு யாரையும் கேட்க வெர்னாவுக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்றாள். அப்படியானால் வீட்டை விற்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே ஏழாவது மாடியில் ஒரு குடியிருப்பு வாங்கிவிடலாம் என்றார் நெஸ்டர். நிதானமாக, நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

“ஏழாவது மாடியில நான் தக்காளிய எங்க நடுறது, உன் தலையிலயா?” என்று கேட்டுவிட்டு, வெர்னா கார்ச் சாவியை எடுத்தாள்.

வியாழக்கிழமை, பத்து நாற்பதுக்கு ஊசி. ஒன்பதே முக்காலுக்கு நெடுஞ்சாலைக்கு மேலே போகும் பாலத்தை அடைந்தாயிற்று. அங்கிருந்து ஒரு சரிவு இறங்கி நெடுஞ்சாலையோடு கலக்கும். வெர்னா இறங்கினாள், அறுபதில். இடது பக்கம் பார்த்தாள். தூரத்தில் ஒரு பெரிய லாரி, ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு வருவதுபோல. மனுஷர் முதலில் வருகிறார், வேலையாகப் போகிறார் என்று அவளுக்குப் பட்டது. சரிவின் முனையில், காரின் மூக்கு நெடுஞ்சாலைக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்துச் சுத்தமாக நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். கையை வெளியே நீட்டி, ‘நீங்க போங்க’ என்று உபசரித்தாள்.

மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனை.

லாரியின் இடப்பக்கத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று ஒட்டி வந்துகொண்டிருந்ததால் அவன் ஒதுங்க முடியாது. பின்னால் நாற்பது டன் கனோலா எண்ணெய் விதை இருந்ததால் நிற்கவும் முடியாது. டயர்கள் அலறின. ஹாரன் அலறியது. ஒரு மலை நகர்ந்து போவதுபோல அது காரை உரசிக்கொண்டு போனது; காற்றில் கார் தொட்டில் மாதிரி ஆடியது; வெர்னா பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடி மடங்கிக் கதவோடு ஒட்டிக்கொண்டது. நீட்டின கையை அவள் எப்போது உள்ளே இழுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“என்ன சத்தம் அது?” என்று கேட்டார் நெஸ்டர்.

“லாரிக்காரர். வழி விட்டேன்.”

லாரி முந்நூறு அடி தள்ளிப்போய் ஓரமாக நின்றது. ஒருவன் இறங்கித் திரும்பி நடந்து வந்தான். நன்றி சொல்லத்தான் வருகிறான் என்று வெர்னா நினைத்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நினைத்தாள். பழக்கத்தில் மடியிலேயே வைத்திருந்த பலகாரப் பெட்டியைக்கூடத் திறந்தாள், சாக்லேட் பாகில் பிடித்த கோதுமைப் பொரிக் கட்டி ஒன்று எடுத்துக் கொடுக்கலாமே என்று.

வந்தவன் பெயர் பல்கார் சிங் மங்கத். நீலத் தலைப்பாகை, முப்பத்தைந்து வயது இருக்கும். திட்டத்தான் வாயைத் திறந்தான். உள்ளே ஒரு நரைத்த தலையையும், பக்கத்தில் இன்னொரு நரைத்த தலையையும் பார்த்ததும் திட்டை விழுங்கினான். அப்படியே சாலையோரத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். பொரிக் கட்டியை அவன் வாங்கியது வாங்க வேண்டும் என்பதால் அல்ல. கை எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“ஆன்ட்டி, இறங்கி வாங்க. இதக் கொஞ்சம் பாருங்க” என்றான் கடைசியில்.

தார்ச் சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். இன்னும் லேசாகப் புகைந்துகொண்டிருந்தன. எங்கோ தூரத்தில் ஆரம்பித்து, நேராக வந்து, காரின் மூக்குக்கு முன்னால் மட்டும் வளைந்து போயிருந்தன. வெர்னா குனிந்தாள். கோட்டுக்கும் தன் சக்கரத்துக்கும் நடுவில் கையை விரித்து வைத்து அளந்தாள். ஒரு சாண் இல்லை. சுண்டுவிரலை மடக்க வேண்டியிருந்தது.

உட்காரவும் தோன்றாமல், எழவும் தோன்றாமல், குனிந்தபடியே அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்துக்குள் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று அப்போதுதான் நினைத்தாள். அதற்கப்புறம்தான் நெஸ்டரை நினைத்தாள்.

“அவசரமா வர்றீங்களேன்னு மரியாதைக்குத்தான் நின்னேன் தம்பி.”

“நீங்க நின்னீங்க பாருங்க, அதான் இந்த ரோட்டுலயே பெரிய அவமரியாதை” என்றான் பல்கார். “இங்க மரியாதைன்னா அடுத்தவன் என்ன வேகமோ அதே வேகம், ஆன்ட்டி. சரிவுலயே வேகத்த ஏத்திக்கணும். ரெண்டு வண்டிக்கு நடுவுல இடம் பாத்துக்கணும். பக்கத்துலயே ஓடி, அப்படியே உள்ள போயிடணும். நிக்கக் கூடாது. எதுக்கும் நிக்கக் கூடாது.”

பிறகு அவன் கண் அவளைத் தாண்டிப் பின்னால் போனது. சரிவில் ஏழு கார்கள் வரிசையாக நின்றன. வியாழக்கிழமை டன்வெல்காரர்கள் நகரத்துக்குக் கடைக்குப் போகிற நாள். வெர்னாவுக்கு அடுத்தாற்போல் பாதிரியார். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. டன்வெல்லில் கல்யாணத்துக்கும், பசுமாடு குறுக்கே படுத்திருந்தாலும் மட்டும்தான் ஹாரன் அடிப்பார்கள். பாதிரியார் கண்ணாடியை இறக்கி, ஒன்றும் அவசரமில்லை, பேசி முடிச்சிட்டு வாங்க என்றார். பல்கார் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

காருக்குள் வந்து உட்கார்ந்த வெர்னா, ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. “நெஸ்டர், நான் உன்னக் கொன்னிருப்பேன்” என்றாள்.

நெஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். அவருக்கு அவள் காதுகள் தெரிந்திருக்கும். “வீட்டுக்குப் போயிடலாம் வெர்னா. ஏழாவது மாடி ஒண்ணும் அவ்வளவு மோசம் இல்ல. லிஃப்ட் இருக்கு.”

வீட்டுக்குப் போக ஒரே வழி, வந்த வழி. வெர்னா யோசிக்கவே இல்லை. பின்கியரைப் போட்டாள். போலீஸ்காரர் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவரும் பல்காருக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருப்பார். சட்டப்படி அது குற்றம்; புத்திப்படியும் குற்றம்; செய்யக் கூடாத காரியங்களுக்குப் பட்டியல் போட்டால் நிற்பதற்கு அடுத்த வரியில் வருவது. ஆனால் அவள் பின்விளக்கு எரிந்ததும் பாதிரியாரும் பின்கியரைப் போட்டார். அவருக்குப் பின்னால் தபால்காரர். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர். தானிய லாரியைக் களஞ்சியத்து வாசலில் பின்னோக்கி விட்டே வளர்ந்த கூட்டம். எட்டுக் கார்களும், நூல் பிடித்ததுபோல, ஒன்றுக்கொன்று அதே இடைவெளியில், சரிவு முழுக்கப் பின்பக்கமாக ஏறின. பல்கார் சிங் பதினாறு வருஷம் கண்டம் முழுக்க லாரி ஓட்டியவன். கடித்த கட்டியை விழுங்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

பாலத்தின் மேல் வெர்னா காரை நிறுத்தினாள். வலது பக்கம் திரும்பினால் சரளைக்கல் சாலை, வீடு. எதிரே சரிவு, காலியாக.

“மணி என்ன ஆச்சு?” என்று கேட்டாள். காரிலேயே கடிகாரம் இருக்கிறது. ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டாள்.

நெஸ்டர் மணிக்கட்டைத் தூக்கினார். மூக்குக்கு நேராகப் பிடித்தார். பிறகு வலது கண்ணின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். பிறகு இடது ஓரத்துக்கு. கடிகாரத்தை நேராகப் பார்க்காமல், யாரோ ஒருவரைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதுபோல, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“எட்டரை இருக்கும்” என்றார்.

கார்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தாறு.

வெர்னா மடங்கியிருந்த கண்ணாடியைக் கையால் தள்ளிச் சரிசெய்தாள். பெட்டியை நெஸ்டர் மடியில் வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“லாரிக்காரத் தம்பி சொன்னது அறுவடை சமாசாரம்தான். பக்கத்துலயே ஓடணும், இடைவெளி மாறக் கூடாது. இத அப்பவே சொல்லியிருந்தா எனக்குப் புரியாதா?”

“யார் சொல்லியிருந்தா?” என்றார் நெஸ்டர்.

“நீதான். நாப்பத்தோரு வருஷமா.”

காலை அழுத்தினாள். எழுபது. எண்பத்தைந்து. நெஸ்டர் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நூறு. நெடுஞ்சாலையில் ஒரு பால் லாரியும், கொஞ்சம் பின்னால் ஒரு சிவப்புக் காரும் வந்துகொண்டிருந்தன. வெர்னா தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். பால் லாரியை அறுவடை இயந்திரமாக வைத்துக்கொண்டாள். நூற்றைந்து. அதன் பின்சக்கரம் அவளுக்குப் பக்கத்தில் சுழன்றது, கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள், சுழலும் சக்கரம் முன்னே போனது. நூற்றுப்பத்து. அவள் வாழ்க்கையில் தொட்டிராத எண். ஊரில் துணி காய்கிறதா இல்லையா என்று நினைக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். சிவப்புக் கார்க்காரனுக்குத் தனக்கு முன்னால் இடம் பிடித்தது யார் என்று தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. பல்காரின் லாரியைத் தாண்டும்போது அவன் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்.

பத்து முப்பத்தாறுக்குச் சஸ்கட்டூன் ஆஸ்பத்திரியின் படியேறினார்கள். பாதிரியாரும் மற்றவர்களும் அன்று மதியம்தான் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்களாம். பாலத்தின் மேல் யார் முதலில் இறங்குவது என்பதில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

ஊசி முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு நெஸ்டர் வந்து காரில் உட்கார்ந்தார். வெர்னா ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றாள். அந்த இருக்கை நெஸ்டரின் நீண்ட கால்களுக்காகப் பின்னால் தள்ளி வைத்தது. பிப்ரவரியிலிருந்து ஊருக்குள் ஓட்டும்போதும், இன்று காலை அந்தச் சரிவிலும்கூட, அவள் முதுகுக்கு ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, பெருவிரல் நுனியால் பிரேக்கை எட்டிக்கொண்டிருந்தாள். அது அவருடைய இடம். அவர் திரும்பி வந்தால் அப்படியே இருக்க வேண்டும்.

அவள் தலையணையை உருவிப் பின் இருக்கையில் போட்டாள். உட்கார்ந்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டு, கம்பியைத் தூக்கினாள். டக், டக், டக் என்று இருக்கை முன்னால் வந்தது. இரண்டு பாதங்களும் முழுசாகப் பதியும்வரை இழுத்துக்கொண்டாள். நெஸ்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி தன் பெல்ட்டைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டார்.