ஒன்பதாம் நம்பர் சட்டை

எந்த தேசத்துக்காரனாக இருந்தாலும் தையல்காரனிடம் இடுப்பளவை மறைக்க முடியாது. துபாய் சத்வாவில் கத்தரி பிடித்து, "போன மாசம் சரியாத்தானே இருந்துச்சு, நீ என்ன பண்ணினே?" என்று வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதரர்களுக்கு இது தெரியும். ஆனால் எனக்கு வாய்த்த மாதிரி ஒரு பேஸ்பால் டீம் உங்களில் யாருக்கும் வாய்த்திருக்காது.

பதிமூன்று கால்சட்டை

ரமோன் பிலிப்பைன்ஸ்காரன். ஹோட்டலில் ஸ்டோர்கீப்பர், வெள்ளிக்கிழமையானால் ஊர் லீக்கில் ஆடும் ஒரு குட்டி டீமுக்குக் கேப்டன். முதல் தடவை வந்தபோது பதிமூன்று கால்சட்டைகளை மேஜையில் கொட்டினான். அத்தனையும் முழங்காலில் கிழிசல். "எல்லாரும் ஒரே குழியிலயா விழுந்தீங்க?" என்றேன், எனக்குத் தெரிந்த பாதி இங்கிலீஷ் பாதி இந்தியில்.

வாயால் சொல்லத் தெரியாமல் வாசல்வரை போனான். அங்கிருந்து ஓடிவந்து, தரையில் அப்படியே சறுக்கி, அயர்ன் டேபிள் காலைப் பேஸ்பால் திண்டு மாதிரி தன் காலால் தொட்டு நின்றான். அட பாவி! எனக்கு மூச்சே நின்றுவிட்டது. படுத்தபடியே கேட்டான்: "மை ஃபிரண்ட், நீதான் அம்பயர். சொல்லு, நான் அவுட்டா?"

கூச்சக்காரர்

அந்த டீமில் ஒரு ஜப்பான் இன்ஜினீயர். அக்குளில் டேப் பட்டாலே நெளிவார். இவர் என்னத்தை விளையாடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் ஒரு வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் போனேன்.

எதிராளி அடித்த பந்து தரையோடு சீறிப் போனது. இந்த மனுஷன் உடம்பை அப்படியே அந்தரத்தில் வீசினார். பந்தைப் பிடித்து, விழுந்த இடத்தில் மண்டிபோட்டபடியே எறிந்தார், ஓடியவன் அவுட். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மறுநாள் கை கிழிந்த சட்டையைக் கொண்டுவந்து, குனிந்து வணங்கிச் சொன்னார்: "மன்னிக்கணும், நீங்க தைச்சதைக் கிழிச்சுட்டேன்."

லேசுத் தையல்

முதலில் சட்டை முதுகில் வைக்கும் பெயரையெல்லாம் கெட்டியாகத்தான் தைத்தேன். ஒன்பதாம் நம்பர் கொரியாக்காரனுக்கு சவூதியில் யான்புவுக்கு மாற்றலானது. அவன் பெயரைப் பிரித்து இன்னொருவன் பெயரை வைத்தேன். அவனும் புஜைராவுக்குப் போனான். மூன்றாமவன் விசா முடிந்து கலாஸ், ஊருக்கே போய்விட்டான். பிரித்துப் பிரித்துத் துணி சல்லடையாகிவிட்டது. "இனிமே பேருக்கு லேசா நூல் ஓட்டினா போதும்" என்றான் ரமோன்.

எனக்கு மனசே கேட்கவில்லை. பக்கத்து மெஷினில் இருந்த செல்வம் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னான்: "எதுக்குண்ணே வருத்தம்? நமக்கு விசா கொடுத்த கஃபீல் நம்ம பேரை மட்டும் கெட்டியாவா தைச்சு வச்சிருக்கான்?"

எட்டுப் பேர்

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் கட்டட வேலைகள் நின்றன. ஆட்கள் மளமளவென்று ஊர் திரும்பினார்கள். டீமில் மிஞ்சியது எட்டுப் பேர். கடைசி ஆட்டத்தில் ஒன்பது பேர் நிற்காவிட்டால் லீக்கிலிருந்தே டீமை எடுத்துவிடுவார்கள். ரமோன் ஒன்பதாம் நம்பர் சட்டையோடு வந்தான். "தோளைப் பிடிக்கணும்."

"யாரோட அளவுக்கு?" என்றேன். அவன் என் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி என் தோளிலேயே வைத்தான். "போய்யா, எனக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியாது!" என்று கத்தினேன். "நிக்கத் தெரியுமில்ல?" என்றான்.

நின்றேன். மட்டை பிடிக்க என் முறை வந்தபோது பந்து விலாவில் பட்டது; அடிபட்டவன் முதல் திண்டுக்குப் போகலாமாம். அடுத்தவன் பந்தை அடித்ததும் எல்லாரும் "ஓடு!" என்றார்கள். ஓடி, கடையில் ரமோன் சறுக்கிய மாதிரியே சறுக்கினேன். நானா அது! புழுதி அடங்கியதும் அம்பயர் கையைத் தூக்கினார்: அவுட். ஆட்டமும் போச்சு. ஆனால் ஒன்பது பேர் நின்றோம், டீம் பிழைத்தது. என் முதுகு மண்ணைத் தட்டிய ரமோன், அங்கே என் பெயருக்கு நான் போட்டிருந்த இரட்டைத் தையலைத் தடவிப் பார்த்தான்: "மை ஃபிரண்ட், இந்தப் பேரைப் பிரிக்கவே முடியாதே!"

ஊரார் கிழிசலையெல்லாம் மறுநாளே தைத்துக் கொடுத்த நான், என் கால்சட்டையின் முழங்கால் கிழிசலை மட்டும் இன்றுவரை தைக்கவில்லை.