குழந்தையம்மாள் நிறுத்திய வண்டி

அன்னூருக்குக் கிழக்கே அந்த ஊரில் டிராக்டர் ஓட்டத் தெரிந்த ஒரே பெண் குழந்தையம்மாள். அறுபதுகளில் வந்த பழைய சிவப்பு வண்டி அது. அவள் புருசன் காளிச்சாமி ஏலத்தில் எடுத்தார். தாலிக்கொடி தவிர அவள் நகையெல்லாம் அதற்குத்தான் போயிற்று. அவருக்குக் கால் முடியாமல் போன பிறகு உழவும் அவள் கைக்கு வந்தது.

தொண்ணூற்று மூன்றில் காளிச்சாமி செத்தார். பாகம் பிரித்தபோது வண்டியை அவர் தம்பி நஞ்சப்பன் எடுத்துக்கொண்டான். "பொம்பளைக்கு எதுக்குங்க வண்டி? நங்கை காட்டையும் நானே உழுது குடுத்துபோடறேன்" என்று ஊரார் முன்னால் சொன்னான். அண்ணியை அவன் நங்கை என்றுதான் கூப்பிடுவான்.

அடுத்த புரட்டாசியில் மழை பெய்ததும் போய்க் கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்றான். ஈரம் காய்ந்தது. அவன் காட்டில் சோளம் முளைத்து நிற்க, அவள் காடு மொட்டையாகக் கிடந்தது. தீனிக்குச் சோளத்தட்டு இல்லாமல் எருமைகளை விற்றாள்.

மறு வருசம் வானம் கருக்கத் தொடங்கியதுமே வேலுமணியின் வாடகை டிராக்டருக்குச் சொல்லிவைத்தாள். பிறகு ஒரு மத்தியானம், நஞ்சப்பன் சந்தைக்குப் போயிருந்த நேரம், அவன் வண்டி நிறுத்தும் சாளைக்குள் நுழைந்து டீசல் டேங்க் மூடியைத் திறந்தாள். கிழிந்த கோணிச்சாக்குத் துண்டுகளை உள்ளே போட்டு மூடினாள்.

மழை வந்தது. வண்டி கிளம்பவில்லை.

துடியலூரிலிருந்து மெக்கானிக் சிக்கந்தர் வந்தார். பேட்டரியை மாற்றினார். பில்டரைக் கழுவினார். பம்பில் காற்று அடைத்திருக்கும் என்று திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். டீசல் குழாயை வாயால் ஊதினால் வண்டி கொஞ்ச நேரம் ஓடும், திணறும், நின்றுவிடும். மறுபடி ஊதினார். மறுபடி நின்றது.

வேலிக்கு இந்தப் பக்கம் வேலுமணியின் டிராக்டர் அவள் காட்டை உழுதுகொண்டிருந்தது. நஞ்சப்பன் வேலியோரம் வந்து நின்றான்.

"நங்கை, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த வண்டி ஆருக்குந் தெரியாது. ஒரெட்டு வந்து பாருங்க."

"பொம்பளைக்கு எதுக்குங்க தம்பி வண்டி?" என்றாள். சிக்கந்தருக்கு மட்டும் காப்பி கொடுத்தனுப்பினாள்.

வேறு டிராக்டருக்கு அலைந்தான். ஒன்றும் கிடைக்கவில்லை, எல்லாம் ஏதாவது ஒரு காட்டில் ஓடிக்கொண்டிருந்தன. வெயில் அடித்தது. கடைசியில் சிக்கந்தர் டேங்க்கையே கழற்றிக் கவிழ்த்தார். சாக்குத் துண்டுகள் விழுந்தன. அதற்குள் மண் வெளுத்துவிட்டது.

"ஆரு பண்ணுன வேலை இது?" நஞ்சப்பன் அவள் வாசலில் வந்து கத்தினான்.

"நாந்தானுங்க. போன வருசம் எம்பட காடு காஞ்சப்ப நீங்க நல்லாச் சோறு தின்னீங்கல்ல? இப்ப நான் திங்கறனுங்க."

கையை ஓங்கிவிட்டான். பின்னாலேயே வந்த சிக்கந்தர் பிடித்து இழுத்துப் போனார்.

தை மாதம் அவன் பெண்டாட்டி மாட்டுக்குத் தட்டு கேட்டு வந்தாள். தட்டுப்போர் வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குமேல் நின்றது. "எல்லாம் வித்துபோட்டேன் அம்மணி" என்றாள் குழந்தையம்மாள்.

அவனும் விடவில்லை. அவள் அந்த வண்டியை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பியதும், கணபதியில் ஒரு பழைய இரும்புக்காரனுக்கு உடைக்கக் கொடுத்தான். லாரியில் ஏற்றும்போது அவள் ரோட்டோரம் நின்று பார்த்தாள்.

"வருத்தமாங்கக்கா?" என்று வேலுமணி கேட்டான்.

"இருக்குது கண்ணு" என்றாள். "ஆனா மறுபடி அதே மழை வந்தாலும் அதையேதான் செய்வேன்."